எத்தனை ஏபி என்று கேட்பதற்கு முன்னால்

பிப்ரவரி வாக்கில் அமெரிக்க ஹைஸ்கூல்கள் பலவற்றில் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வு சூடுபிடித்துவிடும். ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) கால்குலஸ் சொல்லித்தரும் ஆசிரியை என்பதால் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பலரும் அந்த நேரத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை ஏபி எடுக்கச் சொல்லலாம்?" எண்ணிக்கைக்கு அப்புறம் வரலாம், முதலில் பிள்ளை இப்போது படிக்கும் சாதாரண வகுப்பில் எப்படி இருக்கிறாள் என்று சொல்லுங்கள் என்பேன். ஏபிக்கான தயாரிப்பு அங்கேதான் நடக்கிறது. ஏபி வகுப்பில் சேர்ந்த பிறகு தயாராவதற்கு நேரமே கிடைக்காது.

புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக: ஏபி என்பது காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1950-களிலிருந்து நடத்திவரும் திட்டம். கல்லூரி முதலாண்டு அளவிலான பாடங்களை ஹைஸ்கூலிலேயே படிக்கலாம். சுமார் 40 பாடங்கள் இருக்கின்றன. மே மாதம் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை. ஒரு தேர்வுக்குக் கட்டணம் ஏறக்குறைய 100 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. எந்த மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் (கல்லூரியில் அந்தப் பாடத்தைப் படித்ததாகக் கணக்கில் சேர்ப்பது) என்பதைக் கல்லூரிகள் தனித்தனியே முடிவு செய்கின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 3-க்கே தருகிறது. 4 அல்லது 5 கேட்கும் இடங்கள் பல. கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) ஏபிக்குக் கிரெடிட்டே தருவதில்லை. அதனால் கல்லூரிச் செலவு மிச்சமாகும் என்ற ஒரே கணக்கை வைத்துப் பாடங்களை அடுக்காதீர்கள்.

என் வகுப்பில் பார்ப்பதைச் சொல்கிறேன். கால்குலஸில் திணறும் பிள்ளைகளின் விடைத்தாளை வரி வரியாகப் பார்த்தால், கால்குலஸ் வரிகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறு அதற்குக் கீழே, அல்ஜீப்ரா வரியில் நடந்திருக்கும். (3 + 4)² எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் 49 என்று சரியாகச் சொல்வார்கள். எண்களுக்குப் பதில் எழுத்துகள் வந்ததும் அதே பிள்ளை இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டிவிடும். எண்ணில் போட்டுப் பார்த்தால் அது 9 + 16, அதாவது 25. பின்னத்தில் மேலேயும் கீழேயும் இருப்பதில் எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது என்பதிலும் இதே தடுமாற்றம்தான். இதைச் செப்டம்பரில் கண்டுபிடித்தால், கால்குலஸையும் பழைய அல்ஜீப்ராவையும் ஒரே இரவில் படிக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. அல்ஜீப்ரா 2 ஆண்டிறுதித் தாள் ஒன்றை, கால்குலேட்டர் இல்லாமல், நேரம் வைத்துப் போடச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை விடுங்கள், எந்த வகைத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். சம்மரில் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

ஆனால் நம்மவர்கள் சம்மரில் செய்வது வேறு. அடுத்த ஆண்டுப் பாடம் முழுவதையும் கோச்சிங்கில் ஒருமுறை ஓட்டிவிடுகிறார்கள். பிள்ளை "இது எனக்குத் தெரியும்" என்ற நினைப்போடு வகுப்பில் உட்கார்ந்து முதல் இரண்டு மாதம் கவனிக்காமல் விடுகிறது. சூத்திரம் தெரியும், அது ஏன் வருகிறது என்று தெரியாது. ஏபி தேர்வின் விரிவான விடைப் பகுதியில் காரணத்தை எழுதச் சொல்லிக் கேட்பார்கள், அங்கே மாட்டிக்கொள்ளும். இந்தப் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லி எல்லாப் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

12-ஆம் வகுப்பில் கால்குலஸ் எடுக்க வேண்டுமென்றால் வழக்கமான வரிசைப்படி 8-ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்திருக்க வேண்டும். ஆக, முடிவு 7-ஆம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. அதற்காக அவசரப்படுத்தவும் வேண்டாம். அடித்தளம் ஆடும் பிள்ளையை மேல் வகுப்புக்குத் தள்ளினால் அந்த ஓட்டை 11-ஆம் வகுப்பில் பெரிதாகத் தெரியும். கல்லூரியில் பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளை பிசிக்ஸ் சி என்ற ஏபி பாடத்தை எடுக்கலாம், அதற்குக் கால்குலஸ் கூடவே ஓட வேண்டும். பிசிக்ஸ் 1-க்கு அல்ஜீப்ரா போதும்.

வரலாற்றுப் பாடங்களில் சிக்கல் வேறு மாதிரி. அமெரிக்க வரலாறு ஏபி தேர்வில் 7 ஆவணங்களைக் கொடுத்து, அவற்றைச் சான்றாக வைத்து ஒரு வாதம் எழுதச் சொல்வார்கள். படிக்கவும் எழுதவும் சேர்த்து ஒரு மணி நேரம். மனப்பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆவணம் ஒன்று இப்படிச் சொல்கிறது, இரண்டு அப்படிச் சொல்கிறது என்று வரிசையாகச் சுருக்கி எழுதிவிட்டு வருவார்கள், வாதமே இருக்காது. இதற்கு 9-ஆம் வகுப்பிலேயே வீட்டில் பயிற்சி கொடுக்கலாம். வாரம் ஒரு கருத்துக் கட்டுரையைப் படிக்கச் சொல்லி, எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், அவர் சொல்வதை எதை வைத்து மறுக்கலாம் என்று சாப்பாட்டு மேசையில் பேசுங்கள். பழைய விரிவான விடைக் கேள்விகளையும் மதிப்பெண் வழங்கும் முறையையும் காலேஜ் போர்டே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் புத்தகங்களுக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். கல்லூரிகள் விண்ணப்பத்தோடு பள்ளியின் விவரக் குறிப்பையும் பார்க்கின்றன. உங்கள் பள்ளியில் 6 ஏபி மட்டும் இருந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியின் 25-ஓடு யாரும் ஒப்பிடப் போவதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கிடும்போது ஏபி, ஹானர்ஸ் (சாதாரண வகுப்பைவிடக் கடினமான வகுப்பு) எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 8 செமஸ்டருக்குத்தான் கூடுதல் புள்ளி தருகிறது. பாடம் முடிவு செய்யும் முன், அந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடம் தினமும் ஹோம்வொர்க் எவ்வளவு நேரம் ஆகிறது என்று விசாரியுங்கள். பேண்ட் இசைக்குழு, நீச்சல், வார இறுதித் தமிழ்ப் பள்ளி எல்லாவற்றையும் ஒரு தாளில் போட்டு, தூக்கத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் எத்தனை அடங்குகிறதோ அவ்வளவுதான்.

இன்னொன்று, நம் குடும்பங்களில் பேசத் தயங்குவது. கவனக் குறைபாடோ வாசிப்புச் சிரமமோ உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் கூடுதல் நேரம் அனுமதிக்கப்பட்டிருக்கலாம். ஏபி தேர்வுக்கு அது தானாக வந்துவிடாது. காலேஜ் போர்டிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அதற்கு ஏழு வாரம் வரை ஆகலாம். வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று தள்ளிப்போட்டு, ஏப்ரலில் ஓடி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. பள்ளி திறந்த உடனே, பள்ளியில் இதைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். தேர்வுக்குப் பதிவு செய்வதும் இலையுதிர் காலத்திலேயே, நவம்பர் நடுவில் முடிந்துவிடும். தாமதித்தால் அபராதம் உண்டு.

ஏபியில் நன்றாக வரும் பிள்ளைகளிடம் நான் பொதுவாகக் காண்பது, உதவி கேட்கத் தெரிந்திருப்பதுதான். எட்டு வருடம் வகுப்பில் முதலாக வந்த பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லிப் பழக்கமே இருக்காது. முதல் தேர்வில் 62 வாங்கியதும் தாளைப் பையின் அடியில் ஒளித்து வைக்கும். வீட்டில் கேட்டால் நல்லா போகுது என்று சொல்லும். இதை 9-ஆம் வகுப்பிலேயே பழக்குங்கள். ஆசிரியருக்கு நீங்கள் எழுதாதீர்கள், பிள்ளை எழுதட்டும்: "மூன்றாவது கணக்கில் இந்த வரி வரை வந்தேன், அடுத்து ஏன் இப்படிப் போகிறது என்று புரியவில்லை, நாளை மதிய உணவு நேரத்தில் வரலாமா?" இப்படிக் குறிப்பாகக் கேட்கும் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் விளக்கிவிட முடியும். பொத்தாம்பொதுவாக "ஒண்ணுமே புரியலை" என்று வந்தால் எங்கே தொடங்குவது என்று எனக்கே தெரியாது.

அப்படியும் முதல் யூனிட் முடிந்தும் தேறவில்லை என்றால், டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பட்டியல்) அடையாளம் விழாமல் சாதாரண வகுப்புக்கு மாற ஒரு கடைசித் தேதி இருக்கும். பள்ளிக்குப் பள்ளி அது மாறும். ஆகஸ்டிலேயே பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கும் அந்தத் தேதி தெரிந்திருக்கட்டும்.