மூக்குச் சதையைச் சுருக்கும் ஊசி

"மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்று டாக்டர் சொன்னால் அது பெரும்பாலும் பாலிப். எண்டோஸ்கோப்பில் பார்த்தால் தோலுரித்த திராட்சை மாதிரி வெளிறி, நீர்கோத்துத் தொங்கும். வலிக்காது. ஆனால் மூக்கு அடைத்தே இருக்கும், மோப்பம் போய்விடும். கேஸ் கசிந்தால்கூடத் தெரியாது. ஸ்டீராய்டு ஸ்ப்ரே, உப்பு நீரில் கழுவுதல், அடங்காவிட்டால் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை, அப்புறம் ஆபரேஷன். பலருக்கு இதுவே போதும். குறிப்பாக ஆஸ்துமாவும் ஆஸ்பிரின் ஒவ்வாமையும் சேர்ந்தவர்களுக்கு, வெட்டிய சதை திரும்பத் திரும்ப முளைக்கும்.

வெட்டியது சதையை, அதை வளர்க்கும் அழற்சி அங்கேயேதான் இருக்கிறது. குடற்புழுக்களை எதிர்க்க உடல் வைத்திருக்கும் 'டைப் 2' தற்காப்புதான் இங்கே புழுவே இல்லாமல் ஓயாது நடக்கிறது. அதை நடத்துபவை இன்டர்லூகின் என்னும் புரதங்கள். 5-ஆம் இன்டர்லூகின் ஈசினோபில் வெள்ளணுக்களைப் பெருக்கும். 4-ஆவது, ஒவ்வாமை ஆன்டிபாடியான ஐஜிஇ உருவாகத் தூண்டும். 13-ஆவது சளியைப் பெருக்கி, சைனஸின் உள்தோலைப் பலவீனமாக்கும்.

4, 13 இரண்டும் செல்லுக்குள் சேதி சொல்ல ஒரே ஏற்பிப் பகுதி வேண்டும். டுபிலுமாப் என்ற மருந்து போய் உட்காருவது அங்கேதான். ஒரு இடத்தை மறித்தால் இரண்டும் செயலிழக்கின்றன. ஸ்டீராய்டு மாத்திரைபோல உடல் முழுக்க எல்லாவற்றையும் அமுக்குவதில்லை. எனக்குப் பிடித்த கெட்டிக்காரத்தனம் இது. மருந்தே ஒரு ஆன்டிபாடிதான், அதாவது புரதம், விழுங்கினால் செரித்துவிடும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடையிலோ வயிற்றிலோ 300 மில்லிகிராம் ஊசி. பழகிவிட்டால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

2019-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் 724 பேர் இருந்தார்கள். ஒப்பீட்டுக்குப் போலி ஊசி போட்டவர்கள் உட்பட எல்லோருக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே உண்டு. மருந்து கிடைத்தவர்களில் தொடக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மோப்பமே இல்லை. 24 வாரத்தில் அது கால்வாசியை ஒட்டிக் குறைந்தது. போலி ஊசிக்காரர்களிடம் பெரிய மாற்றமில்லை. அந்த ஆண்டு ஜூனில் பாலிப்புக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஐஜிஇ-யைப் பிடிக்கும் ஒமாலிசுமாப், 5-ஆம் இன்டர்லூகினைப் பிடிக்கும் மெப்போலிசுமாப் ஆகியவை பாலிப் சிகிச்சைக்கு அதன் பிறகு வந்தன.

சரி, எல்லோருக்கும் போடலாமா? கூடாது. விலையும் அதிகம். ஆபரேஷனுக்குப் பிறகும் இரு பக்கமும் பாலிப் இருந்து, டைப் 2 அழற்சிக்கான சான்று, அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை, மோப்ப இழப்பு, ஆஸ்துமா, வாழ்க்கைத் தரம் கெடுதல் என்ற ஐந்தில் குறைந்தது மூன்று வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். உடலில் புழு இருந்தால் முதலில் அதற்கு மருந்து. புழுவோடு மோதும் தற்காப்பைத்தானே அடக்கப்போகிறோம். சிலருக்குக் கண் சிவந்து உறுத்தும்.

ஊசியை நிறுத்தினால்? ஓர் ஆய்வில் 24 வாரத்தோடு நிறுத்தியபோது பாலிப் மறுபடி வளரத் தொடங்கியது. மற்றதில் ஒரு பிரிவினருக்கு 24 வாரத்துக்குப் பின் நான்கு வார இடைவெளியில் போட்டார்கள். கிடைத்த பலன் பெரும்பாலும் நிலைத்தது. நன்றாகக் கட்டுப்பட்டவர்கள், இடைவெளியைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.