அணைந்த அணு உலையைக் கலைப்பது எப்படி?

1973 ஜனவரி 5. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்குப் பக்கத்தில் உள்ள சாண்டஸ்கி ஊருக்கு அருகே நாசா நடத்திவந்த பிளம் புரூக் சோதனை உலையின் ஊழியர்களைக் கூப்பிட்டு, உலை நிரந்தரமாக மூடப்படுகிறது என்று சொன்னார்கள். அன்றைக்கே, நியூட்ரான்களை விழுங்கி அணுப் பிளவை நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கழிகள் உள்ளே இறங்கின. உலை அணைந்தது. மறுபடி அது இயங்கவே இல்லை.

அணைக்க ஒரு நாள் போதுமாக இருந்தது. கலைக்கும் திட்டத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி கிடைத்ததோ 2002இல்தான். கட்டடமும் இடிக்கப்பட்டு வேலை முடிய 2012 ஆகிவிட்டது.

இது மின்சாரம் தயாரித்த உலை அல்ல. 60 மெகாவாட் வெப்பத்தை வெளியேற்றிவிட்டு, அதிலிருந்து வரும் நியூட்ரான்களை மட்டும் பயன்படுத்திக்கொண்ட உலை. அணுசக்தியால் ராக்கெட் ஓட்டலாம் என்று நம்பிய காலம் அது. அப்படி ஒரு ராக்கெட்டில் எந்த உலோகம் தாங்கும், எந்த மின்னணுக் கருவி கெட்டுப்போகும் என்று பார்க்க, மாதிரிகளை உலைக்குள் செருகி நியூட்ரான் மழையில் நனைய விடுவார்கள். பிறகு தண்ணீர் நிரம்பிய கால்வாய்கள் வழியாகவே அவற்றை நகர்த்தி 'ஹாட் செல்' என்னும் அறைக்குக் கொண்டுபோவார்கள். தடித்த சுவர், தடித்த கண்ணாடி, வெளியே நின்றபடி இயக்கும் இயந்திரக் கைகள். அந்த அறையில் மாதிரியை அறுத்துச் சோதிப்பார்கள்.

சோதனை உலை அசுத்தமாவது இதனால்தான். மின் உலையில் வருடம் முழுக்க ஒரே வேலை. சோதனை உலையில் இன்று ஒரு பொருள், அடுத்த வாரம் வேறு பொருள். ஒன்றை அறுக்கும்போது தூள் பறக்கும், இன்னொன்றின் உறை விரிசல் விடும். ஒவ்வொரு சோதனையும் ஏதாவது ஒரு மூலையில் தன் தடத்தை விட்டுவிட்டுப் போகும்.

சரி, உலை அணைந்த பிறகு அங்கே மிச்சம் இருப்பது என்ன? எரிபொருளை முதலில் எடுத்துவிடுவார்கள். கதிரியக்கத்தின் மிகப் பெரும்பங்கு அதோடு போய்விடும். மீதியில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் மேற்கொண்டு எதுவும் புரியாது.

முதல் வகை, பொருளே கதிரியக்கமாக மாறிப்போனது. உலைத் தொட்டியின் எஃகில் இயற்கையாகவே கொஞ்சம் கோபால்ட் கலந்திருக்கும். சாதாரணக் கோபால்ட்-59 அணுவுக்குள் ஒரு நியூட்ரான் நுழைந்தால் அது கோபால்ட்-60 ஆகிவிடும். பலத்த காமா கதிர்களை வீசும் அணு அது. இதைக் கழுவ முடியாது, சுரண்ட முடியாது. மேலே ஒட்டிய அழுக்கு என்றால் போக்கலாம், இங்கே அழுக்கு என்பது இரும்பின் உடம்பேதான்.

இரண்டாவது வகை, ஒட்டிக்கொண்டது. யுரேனியம் பிளக்கும்போது பிறக்கும் சீசியம்-137 இதில் முக்கியம். உப்பைப் போல இது தண்ணீரில் கரையும். எங்கே தண்ணீர் கசிந்ததோ அங்கே இதுவும் போகும். பெயின்ட் உரிந்த இடத்தில் கான்கிரீட்டின் நுண்துளைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு சுவரில் இருப்பது ஆழப் பதிந்ததா, துடைத்தால் வருவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டக் காகிதம் ஒன்றை எடுத்து, நூறு சதுர சென்டிமீட்டர் பரப்பில் மிதமாக அழுத்தி ஒரு முறை தேய்க்கிறார்கள். காகிதத்தை உறையில் போட்டு, இடத்தின் எண்ணை எழுதி, எண்ணும் கருவியில் வைக்கிறார்கள். சுவருக்கு நேரே பிடித்த கருவி கத்துகிறது, காகிதமோ சுத்தம் என்றால் அழுக்கு உள்ளே பதிந்துவிட்டது. காகிதமும் கத்தினால் அது தூசியாகப் பறக்கக்கூடியது, மூச்சில் போகக்கூடியது. அங்கே முகமூடி, கூடாரம், காற்று வெளியே கசியாமல் உள்ளே இழுக்கப்படும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். ஒரு கட்டடத்துக்கு இப்படி ஆயிரக்கணக்கான காகிதங்கள் தேவைப்படும். உலையைக் கலைப்பது என்றதும் பெரிய இயந்திரங்கள்தான் கண்முன் வரும். உண்மையில் வேலையின் பெரும்பகுதி அளப்பதுதான்.

இனி அந்த இருபத்தொன்பது வருடக் காத்திருப்புக்கு வருவோம். கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 5.27 ஆண்டு. 1973 முதல் 2002 வரை ஐந்தரை அரை ஆயுள் கழிந்துவிட்டது. ஆரம்பத்தில் இருந்ததில் நாற்பத்தைந்தில் ஒரு பங்குதான் மிச்சம். முன்பு அந்த எஃகுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றால் கோபால்ட்டால் உடம்பில் ஏறும் கதிர்வீச்சு, 2002இல் ஏற வேண்டுமானால் கிட்டத்தட்ட இரண்டு நாள் நிற்க வேண்டும். ஒரு தொழிலாளியின் உடம்புக்கு இதைவிட நல்ல கவசம் கிடையாது. சீசியம்-137க்கு அரை ஆயுள் சுமார் முப்பது ஆண்டு என்பதால் அது பாதிதான் குறைந்திருந்தது.

காத்திருக்க வழியே இல்லாமலும் போகலாம். 1961 ஜனவரி 3 அன்று ஐடஹோவில் எஸ்.எல்.-1 என்ற சிறிய ராணுவ உலையின் நடுக் கட்டுப்பாட்டுக் கழி அளவுக்கு மீறி வெளியே இழுக்கப்பட்டதில் நீராவி வெடிப்பு ஏற்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். உடல்களை மீட்கப் போனவர்கள் உள்ளே இருக்க அனுமதிக்கப்பட்ட நேரம் 65 விநாடி. உலைக் கட்டடத்தைக் கோபால்ட் தணியும்வரை பூட்டிவைக்க முடியவில்லை. உடனே பிரித்து, அரை கிலோமீட்டர் தூரத்திலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள்.

ஆனால் காத்திருப்பதிலும் ஒரு பெரிய நஷ்டம் உண்டு. எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது. உலோகத்தின் கதிரியக்கம் குறையும் அதே காலத்தில் மனிதர்களின் நினைவும் குறைகிறது. வரைபடத்தில் ஒரு குழாய் நேராகப் போகும். கட்டும்போது தொழிலாளி அதை வளைத்துப் போட்டிருப்பார். எந்த வருடம் எந்த வால்வு ஒழுகியது, ஒழுகியதை எந்தப் பக்கமாகக் கழுவிவிட்டார்கள் என்பதெல்லாம் கோப்பில் இருக்காது, ஆட்களுக்குத்தான் தெரியும். பிளம் புரூக்கில் ஓய்வுபெற்ற பழைய ஊழியர்களிடம் போய் விசாரித்தார்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் அந்த உலையை ஓட்டியவர்கள், அப்போது அறுபதைத் தாண்டியிருந்தார்கள்.

உலோகத்தை அறுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதிரியக்கம் மிகுந்த பாகங்களைப் பெரும்பாலும் தண்ணீருக்கடியில் வைத்தே, நீண்ட கைப்பிடிக் கருவிகளாலும் தொலைவிலிருந்து இயக்கும் வெட்டுக் கருவிகளாலும் துண்டாக்குவார்கள். சில மீட்டர் தண்ணீர் காமா கதிரைத் தடுத்துவிடும், தூளையும் பறக்க விடாது.

கான்கிரீட்தான் பொறுமையைச் சோதிக்கும். பதிந்த அழுக்கை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கொத்தி எடுத்து, அளந்து, மறுபடி கொத்த வேண்டும். அதைவிடக் கஷ்டம் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைந்து போகும் குழாய்கள். உள்ளே கை போகாது, கண்ணும் போகாது. மெலிந்த உணர்கருவியைக் குழாய்க்குள் தள்ளி, அடி அடியாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி எண்ண வேண்டும். அதிகமாக இருந்தால் உள்பக்கத்தை மணல் போன்ற துகளை அடித்துத் தேய்த்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும்.

அப்புறம் ஓடை. கலைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, வளாகத்துக்கு வெளியே, உலையின் கழிவுநீர் ஒரு காலத்தில் போய்ச் சேர்ந்த ஓடையின் படிவுகளில் சீசியம்-137 இருப்பது தெரியவந்தது. தண்ணீரில் கரையும் சீசியம் எப்போதோ ஈரி ஏரிக்குப் போயிருக்க வேண்டாமா? களிமண்தான் அதைப் பிடித்துவைத்திருந்தது. சில களிமண் கனிமங்கள் தாள் தாளாக அடுக்கிய அமைப்பு கொண்டவை. அந்தத் தாள்களின் ஓர இடுக்கு சீசியம் அயனிக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். நுழைந்தால் எளிதில் வெளியே வராது. அதனால் ஓடும் தண்ணீர் சுத்தமாக இருக்கும், கரையில் படிந்த சேறு பழைய கதையைச் சொல்லும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐம்பது அறுபதுகளில் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் உலகம் முழுக்க மண்ணில் கொஞ்சம் சீசியம்-137 கிடக்கிறது. உலையிலிருந்து வந்தது எவ்வளவு என்று சொல்ல, உலையோடு சம்பந்தமே இல்லாத இடத்து மண்ணையும் எடுத்து ஒப்பிட்டாக வேண்டும்.

எப்போது 'போதும்' என்று நிறுத்துவது? அமெரிக்க விதிப்படி, கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் நிலத்தை விட வேண்டுமானால், மிச்சக் கதிரியக்கத்தால் அங்கே இருப்பவருக்கு வருடத்துக்கு 0.25 மில்லிசீவர்ட்டுக்கு (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் சேரக்கூடாது. இயற்கையிலிருந்து ஓர் அமெரிக்கர் வருடத்துக்குப் பெறுவது சராசரியாக 3 மில்லிசீவர்ட். கணக்குக்காக ஒரு விவசாயியைக் கற்பனை செய்வது வழக்கம். அதே நிலத்தில் வீடு கட்டி, அங்கேயே கிணறு வெட்டிக் குடித்து, அங்கே விளைந்ததையே சாப்பிடுபவர். அவரிடமிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒரு கிராம் மண்ணில் எவ்வளவு சீசியம் இருக்கலாம் என்று வரம்பு வைப்பார்கள். பிறகு நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அளப்பார்கள். சோதனை தொடங்கும்போது 'இந்த நிலம் வரம்பை மீறியது' என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது அளவுகளின் பொறுப்பு. மிகச் சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் அணுவைக்கூட யாரும் அழித்துவிடவில்லை. அதை இடம் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். குறைந்த கதிரியக்கமுள்ள இடிபாடு யூட்டா பாலைவனத்தில் கிளைவ் என்ற இடத்தில் உள்ள கழிவுப் புதைகுழிக்கும், அதைவிடத் தீவிரமான உலோகத் துண்டுகள் தெற்கு கரோலைனாவின் பார்ன்வெல்லில் உள்ள புதைகுழிக்கும் போயின. நியூட்ரான் பட்ட எஃகில் கோபால்ட்டோடு நிக்கல்-63 என்று ஒன்றும் பிறக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் நூறு வருடம். 1973இல் உலை அணைந்தபோது இருந்த நிக்கல்-63 பாதியாகக் குறைய 2070கள் வர வேண்டும்.