ஒழுகாத பை

"ஆப்பிள் பையா? ஏண்டி, ஆப்பிள் போட்டுக்கப் பையைக் கடையிலயே குடுக்க மாட்டானா?"

ஃபோனில் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நான் மாசச்சூசெட்ஸ் வந்து சேர்ந்த முதல் அக்டோபர் அது. அந்த மாதம் இங்கே ஆப்பிள் தோட்டத்துக்குப் போவது, நம்மூரில் ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போகிற மாதிரி. வாசலில் காசை வாங்கிக்கொண்டு ஒரு காகிதப் பையைக் கையில் கொடுத்து உள்ளே விட்டுவிடுவார்கள். பை கொள்ளுகிற மட்டும் பறித்துக்கொள்ளலாம். எங்கள் பையில் ஒன்பது கிலோவுக்கு மேல் இருந்தது. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் அத்தனை ஆப்பிளை என்ன செய்வது? ஊரார் செய்வதையே நானும் செய்தேன்: மாவுக்குள் ஆப்பிளைப் பொதிந்து ஓவனில் சுடுகிற 'ஆப்பிள் பை'.

பார்க்க நன்றாகத்தான் வந்திருந்தது. மேலே பொன்னிறம், வீடு முழுக்கப் பட்டை வாசனை. ஓவனிலிருந்து எடுத்த பத்தாவது நிமிடம் கத்தியை வைத்தேன். மேல்மாவு உடைந்து ஒரு பொந்துக்குள் விழுந்தது. பொந்தின் அடியில் ஆப்பிள் கூழ். ஒரு துண்டை எடுத்ததும் காலியான இடத்தில் சாறு ஊறி நிரம்பியது. அடிமாவு ரசத்தில் போட்ட அப்பளம் மாதிரி துவண்டு கிடந்தது.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தோல் சீவி, விதை நீக்கிய ஆப்பிள் 1.2 கிலோ. ஆப்பிளின் எடையில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். ஆக, மூன்று மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு மாவுப் பையில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, அதை ஒரு மணி நேரம் சூடுபடுத்தி, வெளிப்பக்கம் மொறுமொறுவென்று வர வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். இப்படிச் சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

அம்மா சொன்ன 'பை' வேடிக்கைக்கு ஆனாலும் அதில் ஒரு வரலாற்று நியாயமும் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஓர் ஆங்கிலச் சமையல் குறிப்பு, ஆப்பிள், பேரிக்காய், அத்தி, உலர் திராட்சை எல்லாவற்றையும் இடித்து, குங்குமப்பூவால் நிறமேற்றி, ஒரு 'காஃபின்' உள்ளே வைத்துச் சுடச் சொல்கிறது. சர்க்கரை பற்றிப் பேச்சே இல்லை. காஃபின் என்றால் அன்று பெட்டி. அந்தக் காலத்து மேல்மாவு பல சமயம் வெறும் பாத்திரம்தான். தடியாக, கெட்டியாக, உள்ளே இருப்பதைத் தாங்கினால் போதும். பாத்திரமே ருசிக்கவும் வேண்டும் என்று மனிதர்கள் ஆசைப்பட்ட பிறகுதான் சிக்கல் எல்லாம்.

முதலில் மாவைப் பார்ப்போம். மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு தண்ணீர், எல்லாம் எடைக் கணக்கு. ஒரு பைக்கு 300, 200, 100 கிராம். மைதாவில் க்ளூட்டனின், க்ளையடின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் படும்வரை இரண்டும் சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டு, கை அழுத்தமும் சேர்ந்தால் ஒன்றோடொன்று பின்னி ரப்பர் வலை மாதிரி ஆகிவிடும். அதுதான் க்ளூட்டன். பரோட்டா மாஸ்டருக்கு அந்த வலைதான் மூலதனம். மாவை அடித்துப் பிசைந்து, எண்ணெயில் ஊறவைத்து, கண்ணாடி மாதிரி வீசி, சுருட்டி அடுக்கு உண்டாக்குவார். பைக்கும் அடுக்கு வேண்டும். ஆனால் வழி நேர் எதிர். இங்கே பிசையவே கூடாது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சின்னச் சின்னக் கட்டிகளாக வெட்டி மைதாவில் போட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒவ்வொன்றையும் நசுக்க வேண்டும். நாணயம் மாதிரி தட்டையாகும்; இரண்டு பக்கமும் மைதா ஒட்டிக்கொள்ளும். சில துண்டுகள் பட்டாணி அளவில் நின்றுவிட்டால் நல்லது. முழுக்கத் தேய்த்து மணல் மாதிரி ஆக்கினால் பை நானகத்தாய் மாதிரி பொலபொலவென உதிரும், செதில் வராது. பிறகு ஐஸ் தண்ணீரைத் தெளித்து, மாவு கையில் பிடித்தால் பிடிபடுகிற அளவுக்குச் சேர்த்து நிறுத்திவிட வேண்டும். பார்த்தால் வேலை பாதியில் நின்ற மாதிரி இருக்கும். சப்பாத்தி பிசைந்து பழகிய கைக்கு அங்கே நிறுத்துவதுதான் பெரிய தண்டனை. வெட்டிப் பார்த்தால் குறுக்குவாட்டில் வெள்ளைக் கோடுகள், மஞ்சள் கோடுகள் மாறி மாறித் தெரியும். கட்டையால் தேய்க்கும்போது அந்த மஞ்சள் கோடுகள் இன்னும் நீண்டு மெலிந்து தாள் தாளாக ஆகும்.

வெண்ணெய் முழுக்கக் கொழுப்பு இல்லை. அதில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர். 200 கிராம் வெண்ணெயில் 32 கிராம். தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகும்; அந்த 32 கிராமும் ஆவியானால் 50 லிட்டருக்கு மேல் வரும், வீட்டுக்கு வருகிற குடிதண்ணீர் கேனில் இரண்டரை. பெரும்பகுதி சந்து பொந்து வழியே வெளியே போய்விடும். போகிற போக்கில் மாவுத் தாள்களைப் பிரித்துத் தூக்கிவிட்டுப் போகும். வெண்ணெய் உருகி, மாவுத் தாள்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளாதபடி நடுவே நிற்கும். நெய்யில் செய்தால் ஏன் இதே மாதிரி வருவதில்லை என்பதும் இதில் அடங்கிவிட்டது: நெய்யில் தண்ணீர் இல்லை.

வெண்ணெய் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகிவிடும். உருகினால் மைதாவோடு கலந்துவிடும். தாளும் இல்லை, செதிலும் இல்லை. சென்னைச் சமையலறையில் மே மாதம் முயன்று பார்க்கிறவர்கள் ஏ.சி. அறைக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போவதே உத்தமம். தேய்ப்பதற்கு முன் மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைப்பதும் இதற்காகத்தான். அதற்குள் தண்ணீர் சீராகப் பரவும், கொஞ்சம் இறுகியிருந்த க்ளூட்டனும் தளர்ந்துகொடுக்கும். தேய்த்த வட்டம் சுருங்காது. தண்ணீருக்குப் பதில் பாதி வோட்கா ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் 40 சதவீதம் ஆல்கஹால்; ஆல்கஹாலில் க்ளூட்டன் வலை பின்னாது, மாவோ நன்றாகச் சேர்ந்து வரும், அடுப்பில் சாராயமும் பறந்துவிடும். இந்த விளக்கத்தை அம்மாவிடம் சொல்ல நான் முயலவில்லை.

இனி ஆப்பிள். நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதும், நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் ஒரே கதை. கத்தி பட்டு உயிரணு உடைந்ததும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வேலையை ஆரம்பிக்கும். புளிப்பு இருந்தால் அந்த நொதி மந்தமாகிவிடும். நாம் வாழைப்பூவை மோர்த் தண்ணீரில் போடுகிறோம், இவர்கள் ஆப்பிளுக்கு எலுமிச்சை பிழிகிறார்கள். பைக்குள் எப்படியும் பட்டைத்தூள் போட்டுப் பழுப்பாக்கத்தான் போகிறோம் என்பதால் இதில் நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. எலுமிச்சை ருசிக்கு. பட்டை என்றதும் ஒன்று: இங்கே கடையில் 'சின்னமன்' என்று விற்பது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வரும் கேசியா, தடித்த, காரமான பட்டை. அசல் இலவங்கப்பட்டை இலங்கையுடையது. தாள் மாதிரி மெல்லியது, மணம் மென்மையானது. பைக்கு எனக்குக் கேசியாதான் பிடிக்கிறது. யாழ்ப்பாணத்துத் தோழிகள் மன்னிக்கட்டும்.

என் முதல் பையில் பொந்து விழுந்ததற்குக் காரணம் காற்று. வேகாத ஆப்பிளின் பருமனில் ஏறக்குறைய கால்வாசி காற்றுதான். தண்ணீரில் மிதப்பது அதனால்தான். குவியலாக அடுக்கி மேலே மாவைப் போர்த்தினேன். மேல்மாவு சூட்டில் அந்த உயரத்திலேயே இறுகி நின்றுவிட்டது. அதன் கீழே ஆப்பிள் காற்றை விட்டு, தண்ணீரையும் விட்டு, தரையோடு படிந்துவிட்டது.

கூழானதற்குக் காரணம் பெக்டின். செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி, உயிரணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பொருள் அது. கொதிநிலையை நெருங்கும்போது அறுபட்டுக் கரையும், சுவர் விழும். நான் போட்டது மெக்கின்டாஷ். கடித்துத் தின்ன அருமையான பழம், சூடு பட்டால் நிற்காது. பைக்கு என்றே இங்கே பேர் போன ரகம் நார்தர்ன் ஸ்பை. அது கிடைக்காவிட்டால், சிட்னி அருகே 1868இல் மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டி கண்டெடுத்த பச்சை கிரானி ஸ்மித் எந்தக் கடையிலும் இருக்கும்.

ரகத்தை மாற்றினால் பாதி வெற்றி. மீதிப் பாதி, பெக்டினை முன்கூட்டியே பலப்படுத்துவது. காய்கறி வெந்தால் குழையும் என்பதுதான் நமக்குத் தெரியும். ஆனால் ஆப்பிளை 60லிருந்து 70 டிகிரி வரையுள்ள சூட்டில் பதினைந்து, இருபது நிமிடம் வைத்திருந்துவிட்டு, பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அவ்வளவு சீக்கிரம் குழையாது. அந்த மிதமான சூட்டில் ஆப்பிளிலேயே இருக்கும் பெக்டின் மெத்தில்எஸ்ட்டரேஸ் என்ற நொதி சுறுசுறுப்பாகிறது. பெக்டின் சங்கிலியில் தொங்கும் மெத்தில் குழுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகிறது. கழன்ற இடத்தில் மின்னேற்றம் வெளிப்படும். பழத்திலுள்ள கால்சியம் அங்கே வந்து ஒட்டும். ஒரு கால்சியம் அயனி இரண்டு கை நீட்டி இரண்டு சங்கிலிகளைப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கில் கொக்கி விழுந்த பெக்டின், கொதிசூட்டிலும் லேசில் அறுபடாது. சூடு இன்னும் ஏறினால் நொதி செத்துவிடும், ஆனால் கொக்கிகள் அப்படியே இருக்கும்.

முதன்முதலாக இதைச் செய்தபோது எனக்கே நம்பிக்கை இல்லை. வாணலியில் ஆப்பிளைப் போட்டு, மூடி, அடுப்பைச் சிம்மில் வைத்து, வெப்பமானியைச் செருகிக்கொண்டு நின்றேன். 65இல் நிறுத்தி நிறுத்திப் பிடித்தேன். துண்டுகள் வளைந்தன, ஒடியவில்லை. வதக்கிய வெண்டைக்காய் மாதிரி தளர்ந்தும் இருந்தன, விறைப்பாயும் இருந்தன. காற்று போய்விட்டதால் குவியல் கண்ணெதிரே இறங்கியது. அடுப்பிலேயே இறங்கிவிட்டால் பைக்குள் இறங்குவதற்கு மிச்சமில்லை.

அதற்கு முன்பே சர்க்கரையும் தன் வேலையைச் செய்திருந்தது. மாங்காய்க்கு உப்புப் போட்டுவைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அதே சவ்வூடு பரவல்தான். நறுக்கிய ஆப்பிளில் சர்க்கரை பிசிறி அரை மணி நேரம் வைத்தால் கிண்ணத்தின் அடியில் முக்கால் டம்ளர் சாறு. வாணலி அடியில் விட்டதையும் இதோடு சேர்த்து வடித்தெடுத்து, பாகு பதத்துக்குச் சுண்டக் காய்ச்சி, ஆப்பிளோடு திரும்பச் சேர்த்துவிடுவேன். ருசி உள்ளே வந்துவிடும். தண்ணீர் எக்ஸாஸ்ட் ஃபேன் வழியே போய்விடும். எல்லாம் ஆறிய பிறகே மாவுக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு பாடுபட்டுக் காத்த வெண்ணெய் அங்கேயே உருகிவிடும்.

மிச்சமுள்ள சாற்றைப் பிடித்துவைக்க இரண்டு மேஜைக்கரண்டி கார்ன்ஃப்ளார். அதன் துகள்கள் 65 டிகிரிக்கு மேல் தண்ணீரைக் குடித்து உப்பும், நன்றாகக் கொதித்த பிறகுதான் சாறு கெட்டிப்படும்.

ஓவனுக்குள் நடப்பது ஓட்டப்பந்தயம். முதல் இருபது நிமிடம் 220 டிகிரி. வெண்ணெய் உருகி வழிந்தோடுவதற்குள் ஆவி கிளம்பிவிட வேண்டும், மாவும் இறுகிவிட வேண்டும். பிறகு 190க்கு இறக்கி இன்னொரு முக்கால் மணி நேரம். மேல்மாவில் கத்தியால் நாலு கீறல் போடுவது அழகுக்கு அல்ல. உள்ளே கிளம்புகிற ஆவிக்கு வழி விடாவிட்டால் அது தானே எங்காவது வழி பண்ணிக்கொள்ளும்.

தண்ணீர் இருக்கும்வரை மாவின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. 140ஐ ஒட்டித்தான் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பேறத் தொடங்கும். 1912இல் லூயி கமீல் மெயிலார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கிய வினை அது; தோசை முறுகுவதும் அதனால்தான். ஆகவே பொன்னிறம் என்பது 'இங்கே தண்ணீர் தீர்ந்துவிட்டது' என்ற அறிவிப்பு. மேல்பக்கம் அதைச் சுலபமாகக் காட்டும், அடிப்பக்கம்தான் ஈர ஆப்பிளைச் சுமந்துகொண்டு திண்டாடும். அதனால் கனமான இரும்புத் தட்டு ஒன்றை ஓவனில் முதலிலேயே காயவைத்து, அதன் மேல் பையை வைக்கிறேன். அடிமாவுக்குச் சூடு உடனே ஏறும். பை இருக்கிற தட்டு உலோகமாக இருந்தால் சீக்கிரம் சூடேறும். கண்ணாடியாக இருந்தால் அடி சிவந்துவிட்டதா என்று தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். எனக்குச் சந்தேகப் புத்தி, கண்ணாடிதான்.

கீறல் வழியே சாறு குபுக் குபுக்கென்று மெதுவாக, கெட்டியாகக் கொப்பளித்தால் வெளியே எடுக்கலாம்.

எடுத்த உடனே வெட்டியது என் முதல் பையின் கடைசித் தவறு. கஞ்சி சூடாக இருக்கும்போது ஓடும், ஆறினால் ஆடை கட்டி இறுகும். கார்ன்ஃப்ளாரும் அப்படியே. ஆறும்போதுதான் அதன் நீள் சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தண்ணீரை வலைக்குள் அடைக்கும். மூன்று மணி நேரமாவது வேண்டும், நாலு என்றால் நிம்மதி. இந்த முறை அதைச் சமையல் மேடையிலேயே வைத்து, வீட்டைப் பூட்டிவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

கத்தி இறங்கியபோது சருகு மிதித்த மாதிரி சத்தம். துண்டு தட்டில் நின்றது. வெட்டிய முகத்தில் ஆப்பிள் வில்லைகள் தாள் தாளாகத் தெரிந்தன, காலி இடத்தில் சாறு ஊறவில்லை. வீடியோ காலில் காட்டினேன்.

"இதுவா பை? போளி மாதிரின்னா இருக்கு," என்றாள் அம்மா. "நாளைக்கு வரைக்கும் மொறுமொறுன்னு இருக்குமா?"

இருக்காது. ஆப்பிளின் ஈரம் காய்ந்த மாவைத் தேடி இரவெல்லாம் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். காலையில் அடி லேசாக நமுத்திருக்கும். மறுபடி ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் சரியாகும், அன்று மத்தியானம் வரை.