ஆர்ட்டிசன் என்றால் கைவினைஞரா?

"மந்தநிலைக்குப் பிறகு கைவினைஞர்களுக்குத் தட்டுப்பாடு, ஊதியம் உயர்கிறது." தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் தமிழில் செய்தி எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தின் 'ஆர்ட்டிசன்' என்ற சொல்லை இப்படியே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். படிக்கிறவருக்குக் கூடை முடைகிறவரும் பானை வனைகிறவரும்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். அவர்களுக்கு எங்கே ஐயா ஊதியம் உயர்ந்தது?

ஆர்ட்டிசன் லத்தீன் வேரிலிருந்து இத்தாலி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மற்ற நாடுகளில் அதற்குக் கைத்தொழில் வாசனை உண்டு, சரி. தென்னாப்பிரிக்காவில் அது வேறு ஆள். அப்ரெண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக இருந்து, டிரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வில் தேறிய ஃபிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன், பாய்லர்மேக்கர். உலோகத் தொழிலின் ஊதிய அட்டவணையில் ஏ முதல் எச் வரை படிகள் உண்டு. ஏ இவருக்கு, எச் கூலியாளுக்கு. 2030க்குள் ஆண்டுக்கு 30,000 பேரை உருவாக்க வேண்டும் என்று தேசிய வளர்ச்சித் திட்டம் சொன்னதும் இவர்களைத்தான், பாய் பின்னுகிறவர்களை அல்ல.

சொல்லைக் கோட்டைவிட்டால் செய்தியும் போய்விடும். மந்தம் வந்தால் கம்பெனி முதலில் நிறுத்துவது புது அப்ரெண்டிஸ் சேர்ப்பதை. ஒரு ஆள் தேறிவர மூன்று நான்கு வருஷம் ஆகிறது, அதனால் வேலை திரும்பி வரும்போது கையில் டிரேட் உள்ள ஆள் இல்லை, வேலையின்மை 30 விழுக்காட்டைத் தாண்டிய நாட்டில்கூட அவருக்குக் கூலி ஏறுகிறது. எல்லா இடத்திலும் ஏறுவதில்லை என்பதும் உண்மை. தெற்கு டர்பனில் ஒரு சுத்திகரிப்பு ஆலை 2020 தீ விபத்தோடு நின்றது, இன்னொன்றை 2022இல் நிறுத்தினார்கள். அந்த ஆலைகளின் ஷட்டவுன் வேலையை (அவ்வப்போது ஆலையை நிறுத்திவைத்துச் செய்கிற பராமரிப்பை) நம்பியிருந்த பாய்லர்மேக்கர்கள், சாசோல் ஆலை இருக்கும் செக்குண்டா பக்கம் போகவேண்டியதாயிற்று. (இவரைக் 'கொதிகலன் தயாரிப்பாளர்' என்று எழுதுகிறார்கள். தகட்டை வெட்டி, வளைத்து, இணைக்கிறவர் அவர்; கொதிகலனைத் தொடாமலே ஓய்வு பெறுகிறவர்கள் உண்டு.)

'திறமையான தொழிலாளர்' என்று எழுதுவது அதைவிட மோசம். அப்போது மற்றவர்கள் திறமையற்றவர்களா? தோட்டத்தில் கரும்பு வெட்டத் திறமை வேண்டாமா? டிரேட் டெஸ்ட் தேறினார் என்பது ஒரு தகுதி, பாராட்டுப் பத்திரம் அல்ல.

தமிழில் இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: கம்மியர். நெடுநல்வாடையில் கதவு பொருத்துகிற இடத்தைப் பாருங்கள், "கைவல் கம்மியன் முடுக்கலின் புரைதீர்ந்து". இடைவெளி தெரியாமல் முடுக்கிப் பொருத்தியிருக்கிறான். ஃபிட்டர் வேலை இதுதானே? தமிழ்நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குக் 'கம்மியர் மோட்டார் வாகனம்' என்றுதான் பெயர். 'கம்மம்' பிராகிருதத்திலிருந்து வந்தது, தூய தமிழ் இல்லை என்று ஒருவர் கிளம்புவார். சங்கப் புலவருக்கு உறுத்தாதது நமக்கு ஏன் உறுத்த வேண்டும்? கம்மாளர் என்ற சாதிப் பெயர் நினைவுக்கு வருகிறது என்று சொன்னால் அது நியாயமான கவலை. ஆனால் கம்மியர் அந்தப் பெயர் அல்ல, தொழிலைத்தான் சொல்கிறது.

அதுவும் வேண்டாமென்றால் ஆர்ட்டிசன் என்றே எழுதிவிடுங்கள். டர்பனின் மெரிபேங்கில் எந்த ஆயாவுக்கும் அது புரியும், மகனோ பேரனோ ஒருவன் அந்த வேலைக்குப் போயிருப்பான்.