ஏசி (திசை மாறும்) மின்சாரத்தில் ஓடும் பொம்மை ரயில் ஏன் முன்னும் பின்னும் ஆடுவதில்லை?

அமெரிக்க வீட்டு மின்சாரம் வினாடிக்கு 120 முறை திசை மாறுகிறது. அதில் ஓடும், லயனல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய பொம்மை ரயில் எப்படி ஒரே பக்கம் போகிறது என்று கேட்கிறார் ஒரு வாசகர். இது புரிந்தால் ரிப்பேரில் பாதி முடிந்த மாதிரி.

1945 முதல் 1969 வரை வந்த லயனல் எஞ்ஜின்களில் பெரும்பாலானவற்றின் மோட்டாரில் நிலைக்காந்தம் இல்லை. சுழலும் ஆர்மேச்சர், அதைச் சூழ்ந்த ஃபீல்டு இரண்டுமே காயில் (கம்பிச் சுருள்) சுற்றிய மின்காந்தங்கள். ஒரே மின்சாரம் ஒன்றில் நுழைந்து மற்றதன் வழியாகப் போகிறது. மின்சாரம் திரும்பினால் இரண்டின் துருவங்களும் ஒன்றாகத் திரும்பும். இரண்டு மைனஸைப் பெருக்கினால் பிளஸ் வருமே, அதேதான்! தள்ளுகிற பக்கம் மாறாது. பேட்டரியில் ஓட்டி ஒயர்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், அப்போதும் அதே பக்கம்தான் சுற்றும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

எஞ்ஜின் உறுமுகிறது, நகரவில்லை என்றால் உடனே காயில் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி அழுக்குதான். ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகள்தான் பிரஷ்கள். அவற்றைத் தாங்கும் பிரஷ் பிளேட்டைக் கழற்றி, ஆர்மேச்சரில் அவை உரசும் பாகமான கம்யூட்டேட்டரைப் பாருங்கள். மூன்று செம்புத் துண்டுகள், நடுவே மெல்லிய இடுக்குகள். கார்பன் தூளும் பழைய எண்ணெயும் கலந்த கருப்புப் பசை அந்த இடுக்குகளை அடைத்திருக்கும். மின்சாரம் காயிலைச் சுற்றாமல் பசை வழியே குறுக்கே பாயும். சூடு வரும், விசை வராது. பல் குச்சியால் இடுக்கைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். கறை போகாவிட்டால் 600 நம்பர் உப்புத்தாள். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் தூளைக் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிரஷ்கள் குழலுக்குள் தடையின்றி வழுக்க வேண்டும். தேய்ந்து குட்டையானாலும், ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்தாலும் பொறி பறக்கும். இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.

அடுத்து மல்டிமீட்டர். செம்புத் துண்டுகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். அளவுகள் வேறுபட்டால் காயில் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட். செம்புத் துண்டுக்கும் ஆர்மேச்சர் தண்டுக்கும் இடையே இணைப்பே காட்டக்கூடாது.

பூட்டும்போது ஆர்மேச்சர் தண்டில் இருந்த சின்ன வாஷர்களை மறக்காதீர்கள். அவை இல்லாவிட்டால் ஆர்மேச்சர் பக்கவாட்டில் நகர்ந்து உரசும். தண்டின் இரு முனையிலும் ஒரு துளி மெஷின் எண்ணெய் போதும், பல்சக்கரத்துக்குக் கிரீஸ். கம்யூட்டேட்டரில் எண்ணெய் படவே கூடாது.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் பின்னால் போக மறுத்தால், எஞ்ஜினின் திசையை மாற்றும் கருவியான ஈ-யூனிட்டைப் பாருங்கள். மின்சாரம் விட்டு விட்டு வரும்போதெல்லாம் ஒரு இரும்புத் தண்டு மேலே எழும்பி, சின்ன உருளையை ஒரு பல் திருப்பும்; ஃபீல்டு, ஆர்மேச்சர் இரண்டில் ஒன்றின் இணைப்பு மட்டும் தலைகீழாகும். அதனால்தான் திசை மாறுகிறது. இதற்கு எண்ணெய் விட்டால் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தண்டு தன் எடையால்தான் கீழே விழுகிறது. எஞ்ஜினைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சோதித்தால் உருளை திரும்பாது. தண்டவாளத்தில் நிமிர்த்தி வைத்துச் சோதியுங்கள்.