வாக்குத்தத்த அட்டையும் பரிசோதனைச் சீட்டும்

வேதாகமத்தின் உறைக்குள்ளிருந்து ஒன்பது அட்டைகளை எடுத்து என் மேசைமேல் வரிசையாக வைத்தார் அந்தப் பெண். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சபையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகள்; வரும் வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்காக ஒவ்வொன்றிலும் ஒரு வேதவசனம் இருக்கும். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒன்றுகூட விடாமல் சேர்த்து வைத்திருந்தார். அவற்றில் மூன்றில் பிள்ளைப்பேறு பற்றிய வசனம்.

"கர்த்தர் மூணு தடவை சொல்லியிருக்கார் டாக்டரம்மா. இப்போ மறுபடியும் போய் டெஸ்ட் எடுத்தா, அவரை நம்பலைன்னு ஆயிடாதா?"

அவருக்கு வயது 37. கணவருக்கு 41. அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை.

நான் மகப்பேறு மருத்துவர். பிள்ளையில்லாத தம்பதிகளைப் பல வருஷங்களாகப் பார்த்துவருகிறேன். நானும் அதே விசுவாசத்தில் வளர்ந்தவள்தான். இந்த வருஷத்து அட்டை என் கைப்பையிலும் இருக்கிறது. அதனால் அவருடைய கேள்வியை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. ஆனால் இதே கேள்வியோடு தள்ளிப்போட்டு, 40 வயதுக்கு மேல் வந்து அழுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படி வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது, முதுமையில் பிள்ளை பெற்ற வேதாகமத்து ஆபிரகாமைத்தான். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு 75 வயது, மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் 25 வருஷக் காத்திருப்பு. புதிய ஏற்பாட்டில் ரோமர் 4:19இல் அப்போஸ்தலர் பவுல் அவரைப் பற்றிச் சொல்வதை நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, தன் சரீரம் செத்துப்போனதை அவர் "எண்ணாதிருந்தான்" என்று தருகிறது. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் "உடம்பைப் பற்றி யோசிக்கவே கூடாது, ரிப்போர்ட்டைப் பார்க்கவே கூடாது" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் எனப்படும் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த எதிர்மறைச் சொல்லே கிடையாது. அவற்றின்படி ஆபிரகாம் தன் உடலை நன்றாகக் கவனித்துப் பார்த்தார், செத்துப்போனதற்குச் சமம் என்று கண்டுகொண்டார், அப்படிக் கண்டும் விசுவாசத்தில் தளரவில்லை. புதிய மொழிபெயர்ப்புகள் பலவும் இப்படித்தான் தருகின்றன. எனக்கு இந்த ஆபிரகாம்தான் பெரியவராகத் தெரிகிறார். கண்ணை மூடிக்கொண்டு நம்புவதைவிட, பார்த்துவிட்டு நம்புவது கடினம்.

அவர் மனைவி சாராளையும் பாருங்கள். நான் கிழவி, என் ஆண்டவனும் முதிர்ந்தவர் என்று தனக்குள்ளே சொல்லி நகைத்தாள். ஏன் நகைத்தாள் என்றுதான் கர்த்தர் கேட்டார். உடம்பைப் பற்றி அவள் சொன்னது தவறு என்று சொல்லவில்லை. அந்த உண்மை நடுவில் கிடக்கும்போதுதான் "கர்த்தரால் ஆகாத காரியம் உண்டோ?" என்ற கேள்வி வருகிறது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கூடவே உடம்பின் கணக்கையும் சொன்னேன். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய சினைப்பையில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது அது மூன்று நான்கு லட்சமாகிவிடும். புதிதாக ஒன்றும் உருவாவதில்லை. 35 வயதுக்குப் பிறகு எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். அதனால்தான், சேர்ந்து வாழ்ந்தும் ஒரு வருஷம் கரு நிற்காவிட்டால் பரிசோதனைக்கு வாருங்கள், மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே வாருங்கள் என்கிறோம். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களும், முன்பு காசநோய் வந்தவர்களும் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். காசநோய் கருக்குழாயைச் சத்தமில்லாமல் அடைத்துவிடும்.

அந்தப் பெண் ஏற்கெனவே இரண்டு இடங்களில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்திருந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. கணவருக்கு ஒரு பரிசோதனைகூட நடக்கவில்லை. "அவருக்கு ஒரு குறையும் இல்லைன்னு அத்தை சொல்லிட்டாங்க" என்றார். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் முதல் பரிசோதனை மிக எளியது: இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, விந்து மாதிரி கொடுத்தால் போதும். ஊசிகூட இல்லை. இதற்கு ஒரு ஆணைச் சம்மதிக்க வைக்க எனக்குச் சில நேரம் ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் மனைவிக்கு எத்தனை ஊசி, எத்தனை உபவாசம்!

கணவரை உள்ளே கூப்பிட்டேன். 26 வயதிலிருந்து சர்க்கரை நோயாம். "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா தம்பி?" என்று கேட்டேன். விட்டுவிட்டுப் போடுவதாகச் சொன்னார். மனைவியை வெளியே அனுப்பிவிட்டுத் தனியே பேசினேன். வெகுநேரம் தலை குனிந்திருந்துவிட்டுச் சொன்னார். ஆறேழு வருஷமாகவே உறவின் முடிவில் விந்து வெளியே வருவதில்லை. யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. உபவாச ஜெபத்தில் மட்டும் சொல்லியிருக்கிறார்.

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நரம்புகளைப் பாதிக்கும்போது, விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவது உண்டு. உயிரணுக்கள் இருக்கின்றன, வழிதான் மாறிவிட்டது. சிலருக்கு மாத்திரையே உதவும். இல்லாவிட்டால் சிறுநீரிலிருந்தே உயிரணுக்களைப் பிரித்தெடுத்துக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம். அவருக்கும் அப்படித்தான் கிடைத்தன. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சபைகளில் சாட்சி சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு மன்றாட்டு உண்டு. என்னிடம் சிகிச்சை எடுத்துப் பிள்ளை பெற்றவர்கள் சிலர், பிள்ளையைச் சபையில் தேவனுக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை அன்று மேடையில் 40 நாள் உபவாசத்தைச் சொல்வார்கள். சிகிச்சையைச் சொல்ல மாட்டார்கள். கீழே உட்கார்ந்திருக்கிற ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, தன் விசுவாசம்தான் போதவில்லை என்று இன்னொரு உபவாசம் தொடங்குகிறாள், இன்னொரு வருஷம் போய்விடுகிறது. இரண்டையும் சொல்லுங்கள், மகிமை குறைந்துவிடாது. ஆய்வகத்தில் ஒரு முட்டைக்குள் ஓர் உயிரணுவை நாங்களே ஊசியால் வைக்கிறோம். அப்படியும் எல்லா முட்டையும் கருவாவதில்லை. கருவானவற்றிலும் சில மூன்றாம் நாளே நின்றுவிடும். கருவை ஆய்வகத்தில் வளர்க்கும் ஐந்து நாளும் நாங்கள் செய்ய முடிவது, சூட்டையும் காற்றையும் சரியாக வைத்திருப்பதுதான். இல்லாதவற்றை இருக்கிறவைபோல் அழைக்கிறவர் என்று பவுல் சொன்னவரை நான் அங்கே நினைக்காத நாளில்லை.

கத்தோலிக்கக் குடும்பத்தினர் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் திருச்சபை சோதனைக்குழாய் முறையை ஏற்பதில்லை. ஆனால் காரணத்தைக் கண்டறிவதற்கும், மருந்து, அறுவை சிகிச்சை மூலம் அதைச் சரிசெய்வதற்கும் தடை இல்லை. சபையை மீறவேண்டி வருமோ என்ற பயத்தில் வாசல்படியே ஏறாதவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாச் சிகிச்சையும் பலிக்காது. பலிக்காதவர்களிடம் "இன்னும் விசுவாசியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது கொடுமை. தத்தெடுப்பது பற்றிப் பேசினால் "நம்ம ரத்தம் இல்லையே" என்பார்கள். முன்பு கிறிஸ்தவர்களுக்குத் தத்தெடுக்கத் தனிச் சட்டம் இல்லை. 1890ஆம் வருஷச் சட்டப்படி காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. இன்று 2015ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எந்த மதத்தவரும் முழு உரிமையோடு தத்தெடுக்கலாம். நம் வேதாகமத்தில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: புத்திரசுவிகாரம். நாம் தேவனுடைய பிள்ளைகளானதே அந்த வழியில்தான் என்று பவுல் எழுதுகிறார். பாவாடை கட்டிய வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் படித்த சொல்தான், வீட்டு வாசலுக்கு வரும்போது மட்டும் ஏன் அந்நியமாகிவிடுகிறது?

அந்தத் தம்பதிக்கு நான்கு முட்டைகள் கிடைத்தன. இரண்டு கருவாயின. முதலாவது தங்கவில்லை. அந்தச் செய்தியைச் சொன்ன நாளில் கணவர் மனைவியின் பக்கத்தில், உள்ளே, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு கரு உறைநிலையில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த மாதம் 12ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறேன். கிளம்பும்போது அந்தப் பெண் பரிசோதனைச் சீட்டுகளை மடித்து, வேதாகமத்தின் உறைக்குள், அட்டைகளோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.