சிருஷ்டிகர், படைத்தவர்: ஒரு சொல் விளக்கம்

பழைய தமிழ் வேதாகமத்தை வாசித்து வளர்ந்தவர்களுக்கு, உலகைப் படைத்த கடவுளைக் குறிக்கும் 'சிருஷ்டிகர்' என்பது நாவில் ஊறிய சொல். "நீ உன் வாலிபப்பிராயத்திலே உன் சிருஷ்டிகரை நினை" என்ற பிரசங்கி 12:1 வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் எத்தனையோ பேர். சொல்லின் வேர் வடமொழி. 'ஸ்ருஜ்' என்ற வினையடிக்கு விடுதல், வெளிவிடுதல் என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான் தமிழில் சிருஷ்டி என்றும், தமிழ் ஒலிக்கு இசையச் சிருட்டி என்றும் வழங்குகிறது.

வெளிவிடுதல் என்ற அந்த மூலப்பொருள் முக்கியமானது. சிலந்தி தன்னிடமிருந்தே நூலை வெளிவிட்டு மீண்டும் உள்ளிழுத்துக்கொள்வதைப்போல, அழியாப் பொருளிலிருந்து உலகம் தோன்றுகிறது என்று முண்டக உபநிடதம் சொல்லும் இடத்தில் வருவது இதே வினைதான். ஆழமான சிந்தனை அது. ஆனால் கிறிஸ்தவர்கள் அறிக்கையிடுவது வேறு. உலகம் கடவுளிடமிருந்து வழிந்த ஒரு பகுதி அன்று. முன்பே கிடந்த மூலப்பொருளைக் கொண்டு அவர் அதை வனையவும் இல்லை. அவர் சித்தங்கொண்டார், அது உண்டாயிற்று. இல்லாமையிலிருந்து படைத்தல் என்ற இக்கோட்பாட்டை 1215ஆம் ஆண்டில் கூடிய திருச்சபைப் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கம் திட்டவட்டமான சொற்களில் அறிக்கையிட்டது. நம்பிக்கையோ அதைவிட மிகப் பழையது. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலில், விசுவாசத்துக்காகக் கொல்லப்படவிருக்கும் கடைசி மகனிடம் ஒரு தாய் வானத்தையும் பூமியையும் காட்டி, கடவுள் இவற்றை ஏற்கெனவே இருந்தவற்றிலிருந்து உண்டாக்கவில்லை என்கிறாள். வாதமேடையில் அன்று, சாவின் முன்னே பிறந்த வார்த்தை அது.

ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் உள்ள எபிரேய வினை 'பாரா'. எபிரேய வேதத்தில் இவ்வினை அதன் அடிப்படை வடிவில் வரும்போதெல்லாம் எழுவாய் கடவுளே. எதைக் கொண்டு என்ற மூலப்பொருளும் அதனுடன் சொல்லப்படுவதில்லை. மண்ணினாலே மனிதனை உருவாக்கியதாக இரண்டாம் அதிகாரம் கூறுமிடத்தில் வினை மாறிவிடுகிறது. அது குயவனுக்கும் பொருந்தும் 'யாட்சர்'. பாவத்தால் நொறுங்கிய ஒருவன் 51ஆம் சங்கீதத்தில் தூய உள்ளத்தை வேண்டும்போது, மீண்டும் 'பாரா' வருகிறது. பழுதுபார்த்தால் போதாது, புதிதாய்ப் படைக்க வேண்டும் என்று மன்றாடுகிறான்! பழைய மொழிபெயர்ப்பு இங்கே "சிருஷ்டியும்" என்கிறது. 1995இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "படைத்தருளும்" என்கிறது.

'படை' என்பது மொழிபெயர்ப்புக்காகப் புதிதாய்ச் செய்த சொல் அன்று. மணப்பறையும் சாப்பறையும் ஒரே ஊரில் ஒலிப்பதைக் கேட்டு, "படைத்தோன் மன்ற அப்பண்பிலாளன்" என்று புறநானூற்றில் (194) பக்குடுக்கை நன்கணியார் குமுறுகிறார். பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழவேண்டுமென்றால் "கெடுக உலகியற்றியான்" என்கிறது குறள் (1062). உலகின் துன்பத்தைக் கண்டு படைத்தவனிடமே கணக்குக் கேட்கும் இந்தக் குரலை, யோபுவின் புலம்பலை அறிந்த எந்தக் கிறிஸ்தவனும் அந்நியமாக எண்ண மாட்டான்.

'படை'க்கு இன்னொரு பொருளும் உண்டு: உடைமை. செல்வம் படைத்தவர் என்றால் செல்வத்தை உடையவர். எபிரேயத்தின் 'கானா' என்ற வினையிலும் இந்த இருமை இருக்கிறது. ஆதியாகமம் 14:19இல் மெல்கிசேதேக்கு ஆபிராமை ஆசீர்வதிக்கும் வாக்கியத்தில் அது வருகிறது. பழைய தமிழ் வேதாகமம் "வானத்தையும் பூமியையும் உடையவராகிய" என்றது. கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் பதிப்போ 'படைத்தவர்' என்றது. இரண்டையும் ஒருங்கே தாங்கும் சொல் தமிழில் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. படைத்ததனாலேயே அவர் உடையவர்.

கம்பர் தரும் 'உளவாக்கல்' இன்னும் நுட்பமானது. "உலகம் யாவையும் தாம் உளவாக்கலும்" என்று இராமாயணத்தின் கடவுள் வாழ்த்தில் அவர் பாடியது திருமாலையே என்பது வைணவ மரபு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் இல்லாததை உள்ளதாக்குதல் என்ற கருத்தைச் சொல்ல இதைவிடச் செறிவான தமிழ்ச்சொல்லை நான் அறியேன். இறையியல் எழுதுவோர் இதைத் துணிந்து ஆளலாம். வேதாகமத்தில் பழகிய 'உண்டாக்கினார்' என்பதும் இதே வார்ப்புதான்.

வழிபாட்டுக்குப் 'படைத்தவர்' போதும். சபைகள் பிரிந்திருந்தாலும் விசுவாச அறிக்கையில் இச்சொல்தான் நிலைத்தது. கத்தோலிக்கரின் பழைய மந்திரம் "பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்த" என்றது. சீர்திருத்தச் சபைகள் "வானத்தையும் பூமியையும் படைத்த" என்கின்றன. 'படைப்பாளி' மட்டும் வேண்டாம். அது இன்று கதை, கவிதை எழுதுவோரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. எழுத்தில் மரியாதைப் பன்மை வேண்டுமிடத்தில் 'படைத்தவர்', செய்யுளில் 'படைத்தோன்', மன்றாட்டில் 'படைத்தவரே' என்று வழங்கலாம்.